கடுகின் வாயில் ரத்தம்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வாள். தெரியாததை ஊகித்துச் சொல்கிறவர்களை உடனே பிடித்துவிடுவாள். "தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க சார். இது பரீட்சை இல்ல."

அப்படிப்பட்டவள்தான் குதிரை லாயத்தில் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

ஊரை ஒட்டியிருந்த அந்த லாயத்துக்கு அவளைக் கூட்டிப்போனது சித்தி மகள். ஐந்து வயது இளையவள். மூன்று வருடமாக அங்கே சவாரி செய்கிறவள். லாயத்தை நடத்திய அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குதிரை வேண்டும் என்பதைச் சவாரிக்காரர்களே சொல்ல வேண்டும். "உங்க கைக்கு எது அடங்கும்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். மனசறிஞ்சு எடுங்க," என்பார்.

புதியவளிடம், "எவ்வளவு நாளா ஓட்டுற?" என்று கேட்டார்.

படிக்கப்போன ஊரில் குதிரையேற்றத்தில் அவள் எடுத்தது எட்டே எட்டுப் பாடம். பக்கத்தில் தங்கை உயரமான கறுப்புக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். "ரெண்டு வருஷமா," என்று வாய் சொல்லிவிட்டது.

வட்டத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். அந்த எட்டுப் பாடம் அதற்குப் போதுமாக இருந்தது. அடுத்து, ஆமை என்று எல்லோரும் கூப்பிட்ட சாதுவான வெள்ளைக் குதிரையை விட்டுவிட்டு, கடுகைக் கேட்டாள். கடுகு உருவத்தில் சிறியது, காரம் பெயருக்கேற்றபடி. லேசாகத் தொட்டாலே புரிந்துகொள்ளும்.

லாயத்துக்குப் பின்னால் இருந்த திறந்தவெளியில் தங்கையின் குதிரை வேகமெடுத்ததும் கடுகும் எடுத்தது. அவள் ஆட்டம் கண்டுவிட்டாள். விழாமலிருக்க இரண்டு குதிகாலாலும் அதன் வயிற்றை இறுக்கினாள். லகானைப் பிடித்துத் தொங்கினாள். கால் போ என்றது, கை நில் என்றது. குதிரை எதைத்தான் கேட்கும்? வேலி வரைக்கும் ஓடி, நடுங்கிக்கொண்டு நின்றது. இறங்கிப் பார்த்தாள். கடிவாளத்து இரும்பு அறுத்து வாயோரத்து நுரை சிவப்பாக இருந்தது. கைக்குட்டையால் அவசரமாகத் துடைத்தாள்.

திரும்பி வந்த தங்கை, "என்னக்கா ஆச்சு?" என்றாள்.

"திமிர் பிடிச்ச குதிரை. சொன்ன பேச்சே கேக்கல."

இந்தப் பேச்சு அந்த அம்மா காதுக்கும் போனது. கடுகுக்கு இன்னும் கடுமையான கடிவாளம் மாட்டினார்கள். ஆறாத புண்ணில் இரும்பு பட்டதும் அது தலையை உதறத் தொடங்கியது. மூன்றாவது வாரம், வழக்கமாக அதை ஓட்டுகிற பதினாறு வயதுப் பெண் கீழே விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கடுகை விற்றுவிடலாம் என்று முடிவானது.

கையில் மாவுக்கட்டோடு அந்தப் பெண் லாயத்து வாசலில் நின்று, "அது அப்படிப்பட்ட குதிரை இல்ல ஆன்ட்டி," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டியவள் தலைக்கவசத்தின் வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். அந்த வாரம் கடையில் ஒருவருக்கு வலக்கண் வில்லையை இடக்கண்ணுக்கு எழுதிவிட்டாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீவன அறைக்குப் போய் உண்மையைச் சொன்னாள். அந்த அம்மா தவிட்டை அளந்துகொண்டே கேட்டார்.

"எத்தனை பாடம்?"

"எட்டு."

"எட்டுப் பாடத்த ரெண்டு வருஷமா ஆக்கிட்ட."

"ஆமா."

"என்கிட்ட சொன்னா போதுமா? விழுந்தது நானா?"

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண்ணின் அம்மாவும் இருந்தாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு அதோட வாயப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தீங்க?"

பெண்ணின் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். போகலாம் என்பதுதான் அதன் பொருள். தங்கையிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எனக்காகவாக்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

கடுகை விற்கவில்லை. மருத்துவர் வந்து பார்த்தார். இரண்டு மாதம் அதன் வாயில் இரும்பே படாமல் மேயவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் அந்தப் பெண்ணே மறுபடி ஏறினாள், சிரமமில்லாமல் ஓட்டினாள்.

இவளுக்கு ஆமை கிடைத்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளோடு வட்டத்துக்குள், நடுவில் ஒருவர் பிடித்திருந்த கயிற்றின் முனையில். வேலிக்கு அப்பால் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாண்டு கேட்டது: "அக்கா, நீங்க பெரியவங்கதானே? ஏன் எங்க கூட சுத்துறீங்க?"

"எனக்கு இவ்வளவுதான் வரும்," என்றாள். முகம் காது வரை சூடாகியது. ஆனாலும் வாரம் தவறாமல் போனாள்.

ஒரு வருடம் கழித்து, தயங்கித் தயங்கிக் கடுகின் அருகே போய்க் கேரட்டை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று நினைத்திருந்தாள். அது எந்த யோசனையும் இல்லாமல் வாங்கி மென்றது. இன்னும் இருக்கிறதா என்று அவள் உள்ளங்கையை மோந்து பார்த்தது. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.