போன் அடிக்காத கட்டில்

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்குக் குட்டையக்கா என்றுதான் பெயர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்து, டயப்பர் மாற்றிவிடும் ஆயா வேலை. "உனக்குக் குமட்டவே குமட்டாதா?" என்று கேட்கும் புருஷனிடம், "உங்க சட்டைக் காலரைத் துவைக்கும்போது மட்டும் குமட்டும்" என்பாள்.

ஒருநாள் மேனேஜர் புது டயப்பர் கொண்டுவந்தார். உள்ளே தாள் மாதிரி ஒரு பட்டை. பேட்டரி கிடையாது, சார்ஜும் வேண்டாம். சிறுநீர் பட்டால் அந்த ஈரத்திலேயே துளி மின்சாரம் உண்டாகி, வார்டு போனுக்குத் தகவல் வரும். குட்டையக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான். தூங்குகிறவர்களைப் புரட்டிப் பார்க்க வேண்டாமே.

அந்த மாதமே மற்ற ஆயாக்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "போன் அடிச்சா மட்டும் மாத்துங்க. சும்மா சும்மா பிரிக்காதீங்க" என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொன்னார்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் கிடந்தார். பக்கவாதம். அடுத்தவருக்கு எதற்குத் தொந்தரவு என்று தண்ணீரைத் தொண்டை நனைக்க மட்டுமே குடிப்பார். ஒருநாள் காலை அந்தப் பக்கம் போனவளுக்கு நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"நேத்து சாயங்காலமே போயிட்டேம்மா. போன் அடிக்கும்னாங்களேன்னு சும்மா படுத்திருந்தேன்" என்றார் டிரைவர், கண்ணை மூடிக்கொண்டு.

பிரித்தாள். மலம் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. பட்டை சரியாக நனையவே இல்லை. வெந்நீரில் ஊறவைத்துத் துடைக்கத் துடைக்க, அடியில் தோல் வெந்து உரிந்திருந்தது.

மேனேஜர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். "அலர்ட் வராம ஏம்மா பிரிச்சே?"

"அவர் கெடந்த கோலத்தை உள்ள வந்து பாருங்க சார்."

"ஈரம் பத்தல, அவ்வளவுதான். இனிமே எல்லாருக்கும் தண்ணி நிறையக் குடு. மெஷின் ஒழுங்கா வேலை செய்யும்."

மனிதருக்கு இல்லை, மெஷினுக்குத் தண்ணீர்! குட்டையக்கா பாத்ரூமுக்கு ஓடிப்போய்க் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். "இந்த வயசுல என்னடி விசேஷம்?" என்று சமையல்காரம்மா சிரித்தாள்.

மாலையில் டிரைவரின் மகள் வந்தாள். "என் போன்லயும் அந்த டயப்பர் ஆப் இருக்குக்கா. அப்பா பேருக்கு நேரா எப்பவும் பச்சைதான், சுத்தமா இருக்கார்னு. நீங்க நல்லா பாத்துக்கறீங்க" என்றாள்.

குட்டையக்கா டிரைவரிடம் குனிந்து, "காட்டட்டுமா ஐயா?" என்று கேட்டாள். அவர் தலையசைத்ததும் போர்வையை விலக்கினாள்.

மகள் பார்த்தாள். எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தும் அவள் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

மறுநாளே அப்பாவைக் கூட்டிப்போனாள். காட்டிக்கொடுத்தாள் என்று மேனேஜர் வேலையை விட்டுத் துரத்திய குட்டையக்காவையும், அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் தன் வீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள். டிரைவரின் புண் மெல்ல மெல்ல ஆறியது. விஷயம் கேள்விப்பட்டு இன்னும் இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆட்களை அழைத்துப்போயின. கேட்க ஆளில்லாதவர்கள் அங்கேயே கிடக்கிறார்கள், அதே பட்டையோடு.

அந்த இல்லம் இருக்கும் தெரு வழியாகப் போகும் எந்தப் பஸ்ஸிலும் குட்டையக்கா இப்போது ஏறுவதில்லை; அந்த வாசலைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறாள்.