பாதை வருகுது என்று சொன்னவன் நான்தான்

நிறுவனம் தந்த டீசேட்டை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு கிண்ணியாக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். நேராகப் போட்டால் முதுகில் ‘மரபை மீள்வாசிப்போம்’ என்று தெரியும். பின்னால் திறப்பு விழா நடந்துகொண்டிருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

சம்பூரில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு உப்பளம், மீன்வாடி, துறைமுகத்தில் மூட்டை. கடைசியாக இந்த மரபுரிமை நிறுவனம். பதவி சமூக இணைப்பாளர். வேலை கூட்டங்களுக்குக் கதிரை அடுக்குவது.

ஒரு நாள் நிறுவனத்தை நடத்தும் மேடம் கூப்பிட்டார்.

“தம்பி, நாங்களும் ஒரு கலைஞரும் சேர்ந்து விண்ணப்பிச்சாத்தான் நிதி கிடைக்கும். எந்த மரபு எண்டதைச் சனமே சொல்லவேணும். போய்க் கேட்டு ஒப்பம் வாங்கிக்கொண்டு வாங்கோ.”

கேட்ட வீடெல்லாம் ஒரே சொல்தான் சொன்னது: பாதை. ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, கடலோடு சேர்ந்த களப்பைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். இந்தத் துறையில் ஓடிய பாதை உக்கி, மூழ்கிப் போயிருந்தது. தயிர் விற்கும் கதீஜா உம்மா இப்போது களப்பைச் சுற்றி பஸ்ஸில் போகிறார்.

“பாதையில கொண்டுபோனாக் கட்டித்தயிர். பஸ்ஸில கொண்டுபோனா மோர். பாதை திரும்ப வருமா மகன்?”

“வருகுது உம்மா” என்றேன். ஒப்பம் வைத்தார்.

படிவத்தில் ‘பாதை’ என்று மட்டும் எழுதினேன். கொழும்பில் அதை வீதி என்று வாசித்தார்கள். நிதி கிடைத்தது. கலைஞர் வந்து இறங்கினார்.

“பழைய பாதை எங்க இருக்கு?”

“தண்ணிக்குள்ள தாண்டுபோச்சு சேர்.”

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கொப்பியில் எழுதினார்.

“சேர், பாதை எண்டா வீதி இல்ல. மிதக்கிற சாமான்.”

“மிதக்கும் பாதை!” அதையும் எழுதினார்.

மேடத்திடம் ஓடினேன். “திட்டம் பாஸாகிட்டு தம்பி. இனி மாத்த ஏலாது” என்றார்.

திறப்பு விழாவன்று வீதியிலிருந்து தண்ணீர் விளிம்புவரை கலைஞர் சீமெந்தில் வார்த்த காலடிகள் வரிசையாக இருந்தன. கதீஜா உம்மா தயிர் முட்டிகளோடு வந்துவிட்டார். ஒவ்வொரு காலடியாக மிதித்துக் கடைசிக் காலடியில் போய் நின்றார்.

“பாதை எங்க மகன்?”

“இதுதான் உம்மா.”

“இதுக்கா என்ட ஒப்பத்த வாங்கின நீ?”

கலைஞர் கமராவோடு ஓடி வந்தார். “அப்பிடியே நில்லுங்க அம்மா. முகத்தில அந்த ஏக்கம்...”

“ஏக்கம் இல்ல தம்பி. தயிர் பழுதாகுது.”

சனம் சிரித்தது. நான் கையிலிருந்த கதிரையை வைத்துவிட்டு நடந்தேன். முன்பு நான் வேலை செய்த சலீம் நானாவின் மீன்வாடியில்தான் போய் நின்றேன். காலையில் மீன் இறக்கியதும் அவருடைய வள்ளம் பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். அதைக் கேட்டேன்.

“நிதி முடிஞ்சுதா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டுச் சவள் துடுப்பைத் தந்தார்.

மறுநாள் காலை கதீஜா உம்மாவின் தயிரை ஏற்றினேன். கரை வழுக்கல். உம்மா கடைசிச் சீமெந்துக் காலடியில் ஊன்றித்தான் வள்ளத்தில் ஏறினார். அந்தத் திட்டத்தால் நான் கண்ட பலன் அது ஒன்றுதான்.

அரைக் களப்புத் தாண்டியதும் உம்மா வாய் திறந்தார்.

“இதுக்கு ஒப்பம் வேணாமா மகன்?”

நான் சவளை வலித்தேன்.