இப்ப எந்த டேங்குல ஓடுது?

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது அந்த வீட்டில் எனக்கு முன்பே பழக்கமான பொருள் ஒன்றுதான் இருந்தது. மாடி அறையில் இருந்த என் கணவரின் கணினி. நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருந்த மாதங்களில், மற்றவர்கள் போனில் பேசித் தீர்த்ததை நாங்கள் விமானம் ஓட்டித் தீர்த்தோம். அவர் இங்கே இந்த மாடியில். நான் ஓட்டப்பிடாரத்தில் என் அப்பா வீட்டில். போர் விமானங்களை உள்ளது உள்ளபடி ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் அது. மூக்கில் விசிறி சுற்றுகிற அந்தக் காலத்து ஒற்றை எஞ்சின் விமானத்தை அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். சுடுவதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டேன். எரிபொருளைக் கவனிப்பதுதான் எனக்கு வசப்படவே இல்லை.

அந்த விமானத்தில் இருப்பது ஒரே டேங்க் இல்லை. இடது சிறகில் ஒன்று, வலது சிறகில் ஒன்று, இருக்கைக்குப் பின்னால் ஒன்று. தூரப் பயணம் என்றால் சிறகுகளுக்கு அடியில் இன்னும் இரண்டைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம். எஞ்சின் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் குடிக்கும். எதிலிருந்து என்பதை ஓட்டுகிறவர் ஒரு பிடியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதுகுப்பக்கத்து டேங்க் நிறைந்திருந்தால் விமானம் வளைவில் தடுமாறும், அதனால் அதை முதலில் குறைக்க வேண்டும். ஒரு சிறகை மட்டும் காலி செய்தால் மறுபக்கம் சாயும். தொங்குகிறவற்றுக்கு அளவுமானியே கிடையாது. நேரத்தை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் இருமிக் காட்டிக்கொடுக்கும். இத்தனையும் பார்த்துக்கொண்டு ஆகாயத்தில் எதிரியையும் தேட வேண்டும். என் கணவர் இதையெல்லாம் பேச்சோடு பேச்சாகச் செய்வார். அவருக்குக் கப்பலில் எஞ்சினியர் வேலை.

கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் கப்பலேறினார். அவர் போன கொஞ்ச நாளில் ஊரடங்கு வந்தது. கப்பலில் இருந்தவர்களை இறக்கி ஆள் மாற்ற எந்தத் துறைமுகமும் இடம் கொடுக்கவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவேன் என்பார், அந்தத் துறைமுகமும் தாண்டிப் போய்விடும். மாமா நாங்கள் கல்யாணம் பேசுவதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். ஆகவே அந்தப் பெரிய வீட்டில் நானும் அத்தையும் மட்டும். கப்பல் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை. அந்த வேலையும் இப்போது வீட்டுக்குள் வந்துவிட்டது.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. "சாப்பிடுதியா?" என்பார் அத்தை. "சாப்பிடுதேன் அத்தை" என்பேன். மீன்காரர் சைக்கிளில் வருகிற நாளில் "சாளையா, நெத்திலியா?" என்று கூடுதலாக ஒரு கேள்வி இருக்கும். அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கீழே படுத்துக்கொள்வார், நான் மாடிக்குப் போய் விமானத்தில் ஏறிக்கொள்வேன். கணவர் நடமாடிய இடம் என்று எனக்கு அந்த விமானம்தான் இருந்தது.

ஒருநாள் பறந்துகொண்டிருந்தபோது ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஏதோ சரக்குப் பெட்டி சம்பந்தமான தகராறு. பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். எஞ்சின் இருமியதைக் கவனிக்கவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பும்போது திரையில் விசிறி அசையாமல் நின்றது, கடல் மேலே வந்துகொண்டிருந்தது. வாசலில் அத்தை டீ டம்ளரோடு நின்றார்.

"என்னளா, நின்னுட்டு?"

"பெட்ரோல் தீந்துட்டு அத்தை."

"இம்புட்டுப் பெரிய ஏரோப்பிளேனுக்கு ஒரே டேங்கா வச்சிருக்கான்?"

"இல்ல அத்தை, அஞ்சு இருக்கு. மாத்த மறந்துட்டேன்."

"மத்ததுல எண்ணெ கெடக்கா?"

"நெறையக் கெடக்கு."

"பெறவு எதுக்குளா விழுத?"

அவர் கேட்கும்போதே விமானம் தண்ணீரில் மோதியது. அத்தை ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த வீட்டுக்கு நான் வந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "நாளைக்கு நான் வந்து ஒக்காருதேன். நீ பாட்டுக்கு ஓட்டு, டேங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கீழேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டார். இடதுகைப் பக்கம் உட்கார்ந்தார். விசைப்பலகையில் எந்தப் பொத்தான் எந்த டேங்குக்கு என்று காட்டினேன். முதல் நாள் இடம், வலம் குழம்பி இரண்டு முறை எஞ்சினை நிறுத்தினார். சுவர்க்கடிகாரத்தில் மணியைப் பார்த்துக்கொண்டு தொங்கும் டேங்குகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. சில நாட்களில் அவற்றுக்கெல்லாம் பேரும் வைத்துவிட்டார். பின்னால் இருப்பது முதுகு டேங்கு. அடியில் தொங்குகிறவை தூக்குச்சட்டி.

கடல்தான் அவருக்குச் சரிப்படவில்லை. "இது என்ன கடலு, சோப்புத்தண்ணி கணக்கா? நம்ம கடலு இப்பிடியா இருக்கும்?" என்பார். துறைமுகத்துக்கு நடக்கிற தூரத்தில் வாழ்க்கை முழுவதும் இருந்தவர். தண்ணீர் ஒவ்வொரு மாதத்திலும் எந்த நிறத்தில் இருக்கும் என்பதில் அவருக்கு உறுதியான அபிப்பிராயம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என் கணவரின் கூட்டாளிகள் இணையத்தில் ஒன்றுசேர்ந்து பறப்பார்கள். திருச்செந்தூர் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த ஒருவர் அந்த அணிக்குத் தலைவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கணவர் இடத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அத்தையும் கேட்கட்டும் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன், மைக்கும் திறந்தே இருந்தது.

முதல் ஞாயிறே வினையாயிற்று. பாதித் தூரத்தில் எதிரி விமானங்கள் மேலேயிருந்து இறங்கின. சண்டை என்று வந்தால் முதல் காரியம், சிறகு டேங்குக்கு மாறிக்கொண்டு தொங்குகிற இரண்டையும் உதறிவிடுவது. அந்தப் பாரத்தோடு திரும்பவே முடியாது.

"அத்தை, சிறகுக்கு மாத்துங்க! தூக்குச்சட்டியக் கழத்திப் போடுங்க!"

சிறகுக்கு மாற்றினார். அப்புறம் கை நின்றுவிட்டது.

"ஏளா, மணியப் பாத்தா இன்னும் பாதி கெடக்கும்போல."

"பரவால்ல அத்தை, போடுங்க!"

"நல்ல எண்ணெயக் கடல்ல கொட்டச் சொல்லுதியா?"

சொல்லி முடிப்பதற்குள் எங்கள் இடது சிறகு பிய்ந்து போயிற்று. திரை சிவந்தது. ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் குரல் மெதுவாக வந்தது: "அக்கா, எண்ணெ போனாப் போவுது. நம்ம பிள்ள போயிருச்சே."

மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார். கோபம் என்று நினைத்து, சாயங்காலம் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கினேன். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமல் சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கிழம நீ சொன்ன ஒடனே போட்டுருதேன், என்ன?"

சொன்னபடி செய்தார். கொஞ்சம் அதிகமாகவே செய்தார். தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலே "போட்டுரவா?" என்று கேட்பார். ஒருமுறை நான் தும்மியதற்கே இரண்டு தூக்குச்சட்டியும் கடலுக்குப் போயின. அணியில் இருந்தவர்களும் அவருக்குப் பழகிப்போனார்கள். பேச்சு ஓய்கிற நேரம் பார்த்து, "தம்பிமாரே, எல்லாரும் டேங்கு மாத்தியாச்சா?" என்று கேட்பார். "மாத்தியாச்சு அத்தை" என்று வரிசையாகக் குரல் வரும். சொல்லாதவன் எவனோ ஒருவன் அவசரமாக அப்போதுதான் மாற்றுவான்.

இப்போது நினைக்கும்போது எனக்குச் சண்டைகள் ஒன்றும் ஞாபகம் வருவதில்லை. போகிற வழிதான் ஞாபகம் வருகிறது. கடலின் மேல் வெகுநேரம் நேராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் ஒரே சுருதியில் இரையும். ஜன்னல் வழியாக வருகிற உப்புக்காற்றில் காலண்டர் தாள் படபடக்கும். துறைமுகத்திலிருந்து எப்போதாவது ஒரு கப்பல் ஊதும். தட்டில் முந்திரி இனிப்பான மக்ரூன் இருக்கும், காற்றுப்பட்டு நமுத்துப்போன மக்ரூன். ஒரு டேங்குக்கும் அடுத்த டேங்குக்கும் நடுவில் எங்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அப்படித்தான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு பேசியதும் சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்படி ஒருநாள் அவர் தன் மகனைப் பற்றிச் சொன்னார். மாமாவுக்கு மார்க்கெட்டில் பலசரக்குக் கடை. ஒரே மகன், கடைக்கு வருவான் என்று இருந்தார்கள். அவன் கப்பல் படிப்புக்குப் போகிறேன் என்றான். "தலமொறையா நெலத்துல நின்னு யாவாரம் பண்ணுன குடும்பம். கடலுக்குப் போறேன்னு நிக்கான். நான் அவங்கிட்ட ஒரு மாசம் பேசல தெரியுமா? பெறவு பேசுனேன். ஆனா பழைய பேச்சு வரல. போன் போடுவான். சாப்பிட்டியாம்பேன். சாப்பிட்டேன்பான். உங்கிட்ட குடுத்துருவேன்." கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஆமா, கப்பல்ல அவன் என்னதாம்ளா செய்யுதான்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கப்பலின் அடியில் பல டேங்குகள் இருக்கும். எண்ணெய் தார் மாதிரிக் கெட்டியாக இருக்கும். அதைச் சூடாக்கி, மேலே ஏற்றி, தெளியவைத்து, சுத்தம் செய்து எஞ்சினுக்கு விட வேண்டும். கப்பல் சாயாமல் இடம் வலம் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் கப்பலில் இதைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

"இதே வேலையா?"

"கிட்டத்தட்ட இதேதான் அத்தை."

டேங்க் மாற்றுகிற நேரம் வந்ததும் அத்தை மாற்றினார்.

அடுத்த தடவை என் கணவர் கூப்பிட்டபோது காலை நேரம். ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தார்கள். கரையில் விடவில்லை, சிக்னல் மட்டும் கிடைத்தது. வழக்கம்போல முதலில் அத்தையிடம் போனைக் கொடுத்தேன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

போனை என்னிடம் நீட்டப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் நீட்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்ப எந்த டேங்குல ஓடுது?" என்றார்.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"என்னம்மா கேட்ட?"

"எண்ணெ எந்த டேங்குலேருந்து போவுதுன்னு கேட்டேன்ல."

"இடது பக்கத்து டேங்கும்மா. நாளைக்கு மாத்தணும்."

"ஒரு பக்கத்தையே காலி பண்ணிக்கிட்டுக் கெடக்காத. சாஞ்சிரும்."

என் கணவர் சிரித்தது ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது. அப்புறம் பேசத் தொடங்கினார். எவ்வளவு பேசினாரோ தெரியாது. நான் துணி உலர்த்துகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். உலர்த்தி முடித்து, காய்ந்ததை மடித்து, மறுபடியும் கீழே வந்தபோதும் அத்தை "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பேசக் கிடைக்கவில்லை, சிக்னல் போய்விட்டது. அத்தை போனை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"அங்கன ரொம்பச் சூடாம்ளா. கையெல்லாம் எண்ணெயாம், எம்புட்டுக் கழுவுனாலும் போவாதாம். பயலுக்குத் தூக்கமே சரியா இல்ல." பிறகு, "இத்தன வருசம் நான் கேக்கவே இல்ல பாரேன்" என்றார்.

மழைக்காலத்துக்கு முன்பு என் கணவர் ஒருவழியாகக் கப்பலிலிருந்து இறங்கி வந்தார். இளைத்திருந்தார். ஒரு வாரம் தூங்கினார், சாப்பிட்டார், மறுபடி தூங்கினார். அப்புறம் ஒரு மத்தியானம் மாடிக்கு வந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். அத்தை தன் நாற்காலியை இழுத்து இடதுபக்கம் போட்டுக்கொண்டார். விமானம் கிளம்பி வெகுநேரமாயிற்று. அத்தை மணியைப் பார்த்தார், அளவுமானியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே, முள்ளு எறங்கவே இல்லயே?"

"தீராத எண்ணெய்னு ஒரு வசதி இருக்கும்மா. அதப் போட்டுட்டேன். வருசம் பூரா டேங்கப் பாத்துட்டு வாரேன். இங்கனயும் டேங்கா?"

அத்தை யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று எழுந்து கீழே போனார். அவர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு என்னவோபோல் இருந்தது. கணவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவரே கணினியைப் போட்டுக்கொடுத்து, "நீங்க ரெண்டுபேரும் போங்க, நான் டீ போடுதேன்" என்றார். அவர் மறுபடி கப்பலேறும்வரை அப்படித்தான் நடந்தது. நாங்கள் பறந்தோம், அவர் டீ போட்டார். டீயில் எப்போதும் சீனி கூடுதலாக இருந்தது.

பிறகு எனக்குக் கொச்சிக்கு மாற்றல் வந்தது. அத்தையைக் கூப்பிட்டோம். "வீட்ட யாரு பாக்க?" என்று சொல்லிவிட்டார். எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சி கடையைப் பெரிதாக்கியதில் ஞாயிறுகளை விட்டார், அணி தானாகக் கலைந்தது. கொச்சியில் தனியாகச் சில முறை பறந்து பார்த்தேன். டேங்க் மாற்ற இப்போது நன்றாகவே தெரிகிறது. ஆனால் கடலைத் தாண்டுகிற அந்த நீண்ட நேரத்தில் பேச ஆளில்லாமல், பாதியிலேயே அணைத்துவிடுவேன்.

என் கணவர் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார், இப்போது மேல்பதவியில். எண்ணெய் மாற்றுவது வேறொருவர் வேலை. சிக்னல் கிடைத்தால் முதலில் அம்மாவுக்குத்தான் போடுகிறார். அவர்கள் பேசி முடித்து, என் முறை வருவதற்குள் பெரும்பாலும் கப்பல் நகர்ந்துவிடுகிறது. அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்பதை அத்தை எனக்குப் போன் போட்டுச் சொல்லுவார்.