நவதானியம் போட்ட மண்

ஏரிக்கரையோரம் உப்புப் பூத்துக் கிடந்த முக்கால் ஏக்கரை ஜெயித்தாள். தாலி கட்டிய வருஷத்திலேயே “சாணி நாத்தம் பிடிச்சவ” என்று பெட்டியோடு திருப்பி அனுப்பிய மாமியார் வீட்டை ஜெயித்தாள். அந்த வீட்டு மல்லிகைத் தோட்டத்துக்கே இன்று அவள் மண்தான் போகிறது. வெதுருகுப்பம் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோன அத்தனை பேரையும் ஜெயித்தாள். ரேஷன் கடையில் அவள் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளாத மெஷினையும் விடவில்லை. கண்ணைக் காட்டி அரிசி வாங்கினாள். நாற்பத்தாறு வயதாகியும் கங்கம்மாள் ஜெயிக்காமல் விட்டிருந்தது எழுத்து ஒன்றைத்தான்.

அதற்குக் காரணமும் நாற்றம்தான். சின்ன வயதில் விடியுமுன் ஆட்டுப்பட்டியைக் கூட்டிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவாள். குளித்துவிட்டு வா என்று வாத்தியார் திருப்பி அனுப்பினார். குளித்துவிட்டுப் போனாள். தலைமுடியில் இன்னும் அடிக்கிறது என்று மறுபடி அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் போகவில்லை. அவள் அண்ணன் எத்திராஜ் ஏழாவது வரை படித்தான். ஆட்டின் நாற்றத்தைக் கண்டு அருவருத்த அந்த வாத்தியார், மத்தியானம் அந்த ஆட்டையே கறியாக்கி விரலை நக்கித் தின்பதை எத்திராஜ் பார்த்திருக்கிறான். பெரிய மனுஷர்களின் மூக்கு மேல் அவனுக்கு மரியாதை போனது அன்றைக்குத்தான்.

கங்கம்மாளின் தொழில் மண் கலப்பது. ஏரி வண்டலும் செம்மண்ணும் அடி. அதன் மேல் மக்கிய சாணம், வேப்பம் புண்ணாக்கு, வெல்லம் காய்ச்சும் அடுப்பின் சாம்பல், சித்தூரிலிருந்து வரும் எலும்புத்தூள், மீன் கடைக் கழிவு, மாங்கூழ் ஆலை கொட்டிவிட்டுப் போகும் சக்கை. ஆனி மாதத்தில் அந்தச் சக்கை புளித்து நுரைக்கும்போது கொட்டகைப் பக்கம் ஈயைத் தவிர யாரும் வர மாட்டார்கள். அவள் வெறுங்கையால் பிசைவாள். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, புரட்டி, மறுபடி மூடி, குவியலின் சூடு அடங்கும்வரை காத்திருப்பாள். சூடு அடங்கும்போது நாற்றமும் அடங்கிவிடும். கடைசியில் அள்ளி முகர்ந்தால் முதல் மழை பெய்த தரை மாதிரி இருக்கும். அப்புறம் அந்த மண்ணில் எது வைத்தாலும் உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்.

கல்யாண வீடுகளுக்கென்று தனியாக ஒரு குவியல் உண்டு. பாலிகைச் சட்டியில் நவதானியம் விதைத்து, முளை எப்படி வருகிறது என்று பார்த்துத்தானே பெண் வீட்டார் நிம்மதியாக நெஞ்சில் கை வைப்பார்கள்? அந்தக் குவியலில் எலும்பும் மீனும் சேராது. புற்றுமண்ணும் சாணமும் சாம்பலும்தான். மீன் அள்ளிய கூடை அந்தக் குவியலைத் தொடாது. நகரியிலிருந்து சத்தியவேடு வரை, ஆந்திர எல்லைத் தமிழ்க் கல்யாணங்களில் அவள் மண்ணில் முளை பொய்த்ததில்லை.

எந்தக் குவியலானாலும் ஒரு வழக்கம் மாறாது. சாக்கைத் தைக்குமுன் ஒரு கைப்பிடி நவதானியத்தை உள்ளே போட்டுவிடுவாள்.

“எதுக்கு இப்படி வீணா போட்டுக்கினு கீறே?” என்று எத்திராஜ் கேட்டால், “மொளைக்காத மண்ணு பொணத்துக்குத்தாண்ணா. வெறும் மண்ணு நம்ம ஊட்டுலேர்ந்து போவக் கூடாது” என்பாள்.

சாக்கின் மேல் அவள் பெயரைப் பதிக்க, புத்தூரில் தகரம் வெட்டுபவனிடம் சொல்லி எத்திராஜ்தான் அச்சு செய்து வந்தான். தகரத்தில் எழுத்தை வெட்டும்போது சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடாமல் அங்கங்கே வெட்டாமல் விட வேண்டும். அதனால் கங்கம்மாள் என்ற பெயர் சாக்கில் விழும்போது ஒவ்வொரு எழுத்தும் இரண்டு மூன்று இடத்தில் விட்டுவிட்டு இருக்கும். நீல மையைத் துணியில் தொட்டு அவளே ஒற்றுவாள். படிக்கத் தெரியாது, ஆனால் ஒற்றியது தலைகீழாக இருந்தால் தெரியும்.

திருப்பதியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஹரிபாபு போன வருஷம் வாடிக்கையானான். நெற்றியில் எப்போதும் பளிச்சென்று நாமம், கையில் கறுப்புக் கயிறு, வாயில் “அக்கா, அக்கா.” மாடித் தோட்டம் என்றான். கேட்ட விலையைக் கொடுத்தான். எத்திராஜ் தன் லோடு ஆட்டோவில் சாக்குகளைக் கொண்டுபோய் மலையடிவாரத்தில் அலிபிரி பக்கம் ஒரு மூன்றடுக்கு வீட்டின் கீழே இறக்குவான். மேலே வர வேண்டாம், பசங்கள் எடுத்துப்பார்கள் என்பான் ஹரிபாபு. மேலே போய்ப் பார்க்க எத்திராஜுக்கும் ஆசை இருந்ததில்லை.

ஆடி முடிகிற வாரத்தில் அவன் போன் செய்து சலித்துக்கொண்டான்.

“அக்கா, மண்ணு சூப்பரு. ஆனா பூரா களை. பிடுங்கப் பிடுங்க வருது.”

கங்கம்மாளின் முகம் சுண்டிவிட்டது. அவள் மண்ணில் களையா? நாற்பது நாள் சூட்டில் வெந்த மண்ணில் எந்த விதை பிழைக்கும்? “வண்டி எடுண்ணா” என்றாள்.

ஹரிபாபு அவர்களை எதிர்பார்க்கவில்லை. பசங்கள் சொல்லிக் கடையிலிருந்து ஓடி வந்தவன் மாடிப்படியிலேயே மறித்தான். “போட்டோ அனுப்பறேன் அக்கா, நீங்க எதுக்கு ஏறி இறங்கினு?”

“போட்டோவுல மண்ணு நாறாதுப்பா. நான் மோந்து பாக்கணும்” என்று அவனை ஒதுக்கிவிட்டு ஏறினாள்.

மேல் மாடியில் தோட்டம் இல்லை. ஜன்னலெல்லாம் அட்டை ஒட்டி அடைத்த அறை. சுவர் முழுக்க வெள்ளித் தாள், மேலே கண்ணைக் குத்தும் விளக்குகள், மூலைக்கொரு மின்விசிறி. வரிசையாகத் துணித் தொட்டிகள், இடுப்புயரச் செடிகள். வந்த வாடையில் எத்திராஜ் ஓரடி பின்வாங்கினான். பச்சைப் புகையிலையை மூத்திரச் சந்தில் போட்டு நசுக்கி, அதன் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி ஒரு வாடை. மீன் கழிவுச் சாக்கைத் தோளில் சுமந்தவன்தான் அவன். அந்த நாற்றத்தில் ஒரு ஒளிவுமறைவு கிடையாது. இது வேறு. மேலே ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்திருந்தார்கள்.

விரல் விரித்தாற்போன்ற அந்த இலையைச் செக்போஸ்ட்டில் ஒட்டியிருக்கும் போலீஸ் படத்தில் அவன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான்.

“கங்கா, இது கஞ்சா” என்றான் மெல்ல.

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தொட்டியில் குனிந்திருந்தாள். செடிகளின் காலடியில், வெளிச்சத்துக்கு அலைந்து வெளுத்து நீண்டு, மொச்சையும் பயறும் துவரையும் முளைத்து நின்றன.

“இதுவாப்பா களை?” என்றாள். “நவதானியம் இது. நான் போட்டது.”

“நீயா போட்டே? எதுக்கு?” ஹரிபாபுவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “ஒரு தபா சொன்னா நிறுத்தியிருக்க மாட்டே?”

“நீ இன்னா வளக்கிறேன்னு ஒரு தபா சொல்லியிருந்தா மண்ணே நிறுத்தியிருப்பேன்.”

அவன் சிரித்தான். நாமம் போட்ட நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “சாமி மூலிகை அக்கா. சாதுங்க எல்லாம் குடிக்கறதுதானே? மருந்து” என்றான். வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தான். கீழே தெருவில் மலையேறப் போகிறவர்கள் “கோவிந்தா” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

எத்திராஜ் ஜென்மத்தில் எத்தனையோ அசிங்கங்களை அள்ளியிருக்கிறான். அந்தக் கன்னத்தில் போட்டுக்கொண்ட கை மாதிரி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

கங்கம்மாள் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் போட ஆரம்பித்தாள். “இதுங்க இங்க கீறக் கூடாது.”

“பிடுங்கு, பிடுங்கு, அதுக்குத்தானே போன் பண்ணேன்” என்றான் ஹரிபாபு. பிறகு குரலைத் தாழ்த்தினான். “அடுத்த லோடு பேரு போடாத சாக்குல அனுப்பு. வெளியே பேசணும்னு தோணிச்சின்னா, அங்க பாரு.” மூலையில் காலிச் சாக்குகள் மடித்து அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் நீல மையில் அவள் பெயர். “எம் பேரு இந்த ரூமுக்குள்ள எங்கயும் இல்ல. உம் பேருதான் கீது. ஆவணியில கல்யாணம் ஆரம்பம். கஞ்சா மண்ணுனு ஒரு வார்த்தை பரவிச்சின்னா எவன் ஊட்டுல பாலிகைக்கு வாங்குவான்?”

வீடு திரும்பியதும் அவள் வண்டியைவிட்டு முதலில் இறங்கினாள். கிணற்றடியில் போய்க் கை கழுவினாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தாள். எலும்பையும் மீனையும் பிசைந்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டு சோறு தின்பவள் அவள். அந்தக் கையை அவள் அருவருத்து எத்திராஜ் அன்றுதான் பார்த்தான்.

மறுநாள் காலை சத்தியவேட்டிலிருந்து வீராசாமி வந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மண்ணுக்கு நின்றார்.

“எங்கையால வாங்காதீங்க நைனா” என்றாள் கங்கம்மாள். “சாயங்காலம் வாங்க. அதுக்குள்ள ஒரு வேலை கீது. அது முடிஞ்சி, எல்லாம் தெரிஞ்சப்புறமும் உங்களுக்கு மனசு இருந்தா எடுத்துக்கினு போங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். “சாயங்காலம்தானே? இங்கயே கீறேன்” என்றார்.

வண்டியில் ஏறியதும் எத்திராஜ் கெஞ்சினான். “சொல்றதுன்னா சொல்லு. ஆனா சாக்கு நம்மது இல்லன்னு சொல்லிடு. எவனோ பழைய சாக்கு வாங்கிகினு போயிட்டான்னு சொல்லு. யாரு பாக்கப் போறாங்க?”

“மண்ணு?”

“மண்ணுல பேரா எழுதிக்கீது?”

“எழுதித்தாண்ணா கீது. அத்தினி தொட்டியும் நானா புடுங்கினேன்? மிச்சத்துல மொச்சை நிக்குது. இந்தச் சீமையில மண்ணுல நவதானியம் போடறவ வேற யாரு?”

வண்டி நேரே திருப்பதி போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றது. தகவல் கொடுத்த கொஞ்ச நேரத்தில் போலீஸ் ஜீப் போய் அறையைத் திறந்தது. கடைக் கல்லாவிலிருந்து ஹரிபாபுவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே அவன் சாக்குகளைக் காட்டி, “அந்தம்மா தோட்டம் சார். நான் வீடுதான் வாடகைக்கு விட்டேன்” என்றான். நாமம் அப்போதும் அழியவில்லை.

வாக்குமூலம் எழுதும் ஏட்டு தெலுங்கர், பெயர் சாய்குமார். கெட்டவர் இல்லை. எழுதிக்கொண்டே அவளை இரக்கமாகப் பார்த்தார். “ஏம்மா, தகவல் கொடுத்தது ஒரு பெண் என்று மட்டும் போடறேன். சாக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உனக்கு எதுக்குக் கோர்ட்டு, கச்சேரி?” என்று தெலுங்கில் சொன்னார். எத்திராஜுக்கு உயிர் வந்தது. கும்பிட்டான்.

கங்கம்மாள் தலையை ஆட்டினாள். “சேர்த்து எழுதுங்க சார். மண்ணு என்னுது. சாக்கு என்னுது. செடி என்னுது இல்ல. மூணையும் எழுதுங்க. மண்ணு என்னுது இல்லன்னு சொல்லிட்டா, நாளைக்கி எந்த மண்ணை என்னுதுன்னு கல்யாண ஊட்டுக்குக் கொடுக்கறது?”

ஏட்டு எழுதினார், படித்துக் காட்டினார். அவள் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். திருத்தினார். மைப்பெட்டியைத் திறந்து அவள் இடது கட்டைவிரலை உருட்டிப் பதித்தார். காகிதத்தில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. உள்ளே ஒரு கோடு இல்லை. மறுபடி பதித்தார். அதே வட்டம். சாம்பலும் எலும்புத்தூளும் இத்தனை வருஷமாக அவள் விரலைத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருந்தன.

“இது செல்லாதும்மா. யார் விரலோ என்று வக்கீல் கேட்பான்.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹரிபாபு ஏலக்காய்த் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தான். “கைநாட்டு கூட வராத கை.”

எத்திராஜ் எழுந்தான். “நான் அண்ணன் சார். ஏழாவது படிச்சிக்கீறேன். அவளுக்குப் பதிலா நான் போடறேன்.”

“நீ உக்காருண்ணா” என்றாள் கங்கம்மாள்.

ஏட்டு கையிலிருந்த பேனாவை வாங்கினாள். களைக்கொத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். மேஜையோரம் கொண்டுவந்து போட்டிருந்த தன் சாக்கை ஒருமுறை பார்த்தாள், அப்புறம் பார்க்கவில்லை. கையை அசைக்காமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பி, சாக்கில் ஒற்றும்போது மை எந்த வரிசையில் விழுமோ அதே வரிசையில் வரைந்தாள். க வந்தது. ங் வந்தது. ஒவ்வொரு எழுத்திலும், தகரத்தில் வெட்டாமல் விட்ட இடங்களில் பேனாவைத் தூக்கி, இடம் விட்டு, மறுபடி வைத்தாள். ஏட்டு காற்றாடியை நிறுத்தச் சொன்னார். பெஞ்சிலிருந்த சிரிப்பும் நின்றிருந்தது. ள் எழுதி, மேலே புள்ளி வைத்து, அது காயும்வரை ஊதினாள்.

அங்கங்கே விட்டுப்போன அந்த ஆறு எழுத்தை ஏட்டு சாக்கோடு வைத்து ஒத்துப் பார்த்தார். “ரெண்டும் ஒரே கைதான்” என்று சொல்லி முத்திரை குத்தினார்.

எத்திராஜ் வெளியே வந்து வீராசாமிக்குப் போன் செய்தான். அவர் இன்னும் வேப்பமரத்தடியில்தான் இருந்தார். திருப்பதிச் செய்தி செல்போனில் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. “எல்லாம் தெரியும்பா. கங்கம்மா வந்து அவ கையாலதான் அள்ளிக் கொடுக்கணும், எத்தினி நேரமானாலும் இருக்கேன்னு சொல்லு” என்றார்.

உள்ளே திரும்பிப் போய், கையெழுத்துக்குக் கீழே ஏட்டு எழுதிய தேதியை எத்திராஜ் இரண்டு முறை படித்து மனப்பாடம் செய்துகொண்டான். ஆடி கடைசி நாள், வியாழக்கிழமை, 2023 ஆகஸ்ட் 17.