நோவை மறைத்த குளிசை

அத்தான் சப்பாத்தைக் கழற்றியபோது, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடம் மட்டும் வீங்கியிருந்தது. நான் விரல் வைத்ததும் காலை இழுத்துக்கொண்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. தீவுப்பகுதி ஆசுபத்திரி ஒன்றில் நான் தாதியாகச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். சரவணைக் கிராமத்தில் வாத்தியார். சின்ன வயதிலிருந்தே மூச்சிழுக்கும் முட்டு வருத்தக்காரர். யாரோ சொல்லி ஓடத் தொடங்கியவர், முதலில் வீட்டடி ஒழுங்கைத் தெரு முடிவதற்குள் குந்திவிடுவார். இரண்டு வருடத்தில் பண்ணைப் பாலம் வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தார். முட்டு வருவது குறைந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருக்காமல் நேராகப் படுத்து உறங்கினார். அக்காவின் முகமே தெளிந்துவிட்டது.

அவர் காலைக் காட்டியதற்கு அடுத்த ஞாயிறு தீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் வரை ஓட்டப்போட்டி. “எலும்பிலை வெடிப்புப் போலை கிடக்கு. இரண்டு மாதம் ஓடக்கூடாது அத்தான். டொக்டரிட்டைக் காட்டுங்கோ” என்றேன்.

“அவர் மறிச்சுப்போடுவார் பிள்ளை. ஞாயிறு மட்டும் தாங்கினால் காணும். நோவுக்கு ஏதும் தாரும்.”

அவர் வெல்வதைப் பார்க்க எனக்கும் ஆசை. மருந்து அலுமாரியிலிருந்து யாருக்கும் சொல்லாமல் குளிசைகள் எடுத்துக் கொடுத்தேன்.

வேலணையைக் கடக்கும்போது சிரித்துக்கொண்டுதான் ஓடினாராம். நோவு தெரியாததால் நிற்கவில்லை. பண்ணைப் பாலத்துக்குப் போகும் கடல்நடுத் தெருவில் எலும்பு முறிந்து விழுந்தார். “முதலே நோகேல்லையோ?” என்று ஆசுபத்திரியில் டொக்டர் கேட்டார். பஞ்சும் துணியுமாகப் பக்கத்தில் நின்ற என்னைப் பாராமலே, “இல்லை” என்றார் அத்தான். என் வேலையைக் காப்பாற்றிய பொய் அது.

கால் வளைந்தே பொருந்தியது. ஓட்டம் நின்றது; உடம்பு பெருத்தது; இரண்டு மாரிக்குள் முட்டும் திரும்பி வந்தது. “ஓடி ஓடித்தான் தன்னை அழிச்சவர்” என்று வருவோர் போவோரிடமெல்லாம் அக்கா சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்து வருடங்களின் பின், அவர்களுடைய மகளைப் பள்ளிக்கூட நெடுந்தூர ஓட்டத்துக்குத் தெரிவுசெய்தார்கள். அக்கா சன்னதம் கொண்டு, தகப்பனைக் காட்டி மகளிடம் கத்தினாள். “கொப்பரின்ரை காலைப் பாத்தனீதானே?”

“ஓட்டம்தான் எனக்கு மூச்சுத் தந்தது. பிள்ளையை மறிக்காதையும்” என்றார் அத்தான், மூச்சை இழுத்து இழுத்து.

“அப்ப கால் ஏன் முறிஞ்சது?”

அதற்குப் பதில் சொல்லவேண்டியவள் நான். தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

“சின்னம்மா, நீங்கள் நேர்ஸ்தானே. ஓடினால் கால் முறியுமோ?”

“அம்மா சொல்லுறதைக் கேள் பிள்ளை” என்றேன்.

அவள் கேட்டாள். பிறகு ஒருநாளும் ஓடவில்லை.