இரும்புமூக்குக்கு இரண்டு நாள் வெயில்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று இரண்டு உண்டு. நடுவில் ஒரு சுவர். சுவருக்குள்ளேயே ஆளுயர மெஷின்கள் பதிந்திருக்கும். இந்தப் பக்கக் கதவில் அழுக்கைத் திணித்தால் அந்தப் பக்கக் கதவில் வெளுப்பாக எடுக்கலாம். சுத்தப் பக்கத்துப் பெண்கள் சூடாக வரும் விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, மாலையில் சோப்பு வாசனையோடு வீட்டுக்குப் போவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நடப்பதை அவர்கள் பேசவே மாட்டார்கள். பேசினால் சாப்பாடு இறங்குமா?

நம்ம ஆள் அழுக்குப் பக்கத்துக்காரி. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து விழுவதைப் பிரித்து, உதறி, ரகம் பார்த்து மெஷினுக்குள் தள்ளுவது அவள் வேலை. உதறாமல் போட முடியாது. விரிப்புக்குள் கரண்டி சுருண்டு வரும், பல்செட் வரும், குத்திய ஊசி வரும். இவை நல்ல சாமான்கள். மற்றவை என்னவென்று கேட்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

அங்கே அவளுக்கு இரும்புமூக்கு என்று பெயர். சேர்ந்த முதல் நாளே ஒட்டிக்கொண்ட பெயர். அன்று கூடச் சேர்ந்த பெண் முதல் மூட்டையைப் பிரித்ததுமே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள், ஓடினவள் ஓடினவள்தான். இவள் நின்றாள். புருஷனுக்கு அப்போது வேலை இல்லை, இடுப்பில் கைக்குழந்தை வேறு. ஓடி எங்கே போவது? மூக்கால் இழுக்காமல் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அந்த மூட்டையை முடித்தாள். மேற்பார்வைக்காரர் அசந்துபோனார். "இங்க வந்து பாருங்கப்பா, இவளுக்கு மூக்கை இரும்புல அடிச்சு வெச்சிருக்கு!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவுதான், முத்திரை குத்தியாகிவிட்டது.

சுத்தப் பக்கத்துக்கு மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். "உன்னை அனுப்பிட்டா இங்க யாரும்மா நிப்பாங்க? உனக்குத்தான் நாத்தமே தெரியாதே" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். தெரியாதாம்! பகல் முழுக்க அவள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அந்த மனுஷனுக்கு எங்கே தெரியும்? டப்பாவைத் திறந்தாலே குமட்டும். மாலையில் வீட்டுக்கு வந்து, தோல் உரிகிற மாதிரி தேய்த்துக் குளித்த பிறகுதான் பசி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் வரும்.

பட்டப்பெயர் எப்படியோ வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. சொந்தத்தில் எவன் குடித்துவிட்டு வாந்தியெடுத்தாலும் கூப்பிடு அவளை. சாக்கடை அடைத்துக்கொண்டதா, கூப்பிடு அவளை. பக்கத்து வீட்டு அலமாரிக்குப் பின்னால் எலி செத்து நாறினால், இவள்தான் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டும். அந்த வீட்டுக்காரி மூக்கை மூடிக்கொண்டு வாசலில் நின்று, "எப்படித்தான் முகமே சுளிக்காம செய்றியோ!" என்று மெச்சுவாள். தூ! அந்த மெச்சலை யார் கேட்டார்கள்? குளியலறைச் சல்லடையில் சேர்ந்த முடியை எடுப்பதென்றால்கூட இவள்தான் வரவேண்டும். முடி என்னவோ மகளுடையதும் புருஷனுடையதும்தான்.

அந்த ஊரில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி, வந்தால் வந்தது. பாதி வருஷம் மழை, மீதி வருஷம் மூடிக்கிடக்கும் வானம். சுவரெல்லாம் பூஞ்சை பிடித்து, தலையணையில் முகம் வைத்தால் ஈர நாய் வாடை அடிக்கும். ஒருநாள் மகள் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் போய்விடக்கூடிய பெரிய நகரம். வருஷம் முழுக்க வெயில் கொட்டுகிற ஊர். உயரமான ஓட்டல், பால்கனி, கீழே கடல், உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். அவள் வெகுநேரம் பார்த்தது கடலை அல்ல, விரிப்பை.

"இதை யாரு துவைப்பாங்க?"

"என்னம்மா கேள்வி இது? ஓட்டல்காரங்கதான்."

"நாம இல்லையே?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை. வேறு யாரோ துவைத்த விரிப்பில் படுத்து, வெயில் மூஞ்சியில் அடிக்க அடிக்க எழுந்திருக்காமல், சனி ஞாயிறு இரண்டு நாள் கிடக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். கல்யாணமான நாளிலிருந்து, எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டு அவள் கேட்டதும் இதை மட்டும்தான்.

அந்த நகரத்தில்தான் அவள் நாத்தனார் இருக்கிறாள். அதனால் அவள் முதலிலேயே புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "அண்ணி வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். ஆனா தங்குறது ஓட்டல்லதான்."

"அதுக்கென்ன, தாராளமா! ரூமை நானே போட்டுடறேன். நீ லீவை மட்டும் வாங்கு, மத்ததை என்கிட்ட விட்டுடு" என்றான் அவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டில் பல்பு போய்விட்டால் ஒரு மாதம் இருட்டிலேயே நடமாடுகிற ஆசாமி. அவன் இவ்வளவு சுறுசுறுப்பாகத் தலையாட்டியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, என்ன செய்ய?

லீவு கேட்டு மேற்பார்வைக்காரரிடம் மல்லுக்கட்டி வாங்கினாள். வெயிலுக்கென்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி, வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் அதை மாட்டிக்கொண்டு சமைத்தாள். மூட்டைகளை உதறும்போதுகூட பால்கனியில் நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்றுதான் யோசனை. கூட வேலை பார்த்தவர்கள், "என்னடி, தனியா சிரிக்கிறே?" என்று கிண்டலடித்தார்கள். புருஷன் மட்டும் அந்த நாட்களில் அடிக்கடி ஃபோனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினான். ஓட்டல்காரனோடு பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் அவளுக்கு அகோரப் பசி. அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது புருஷனின் ஃபோன் அடித்தது. அவன் கை எச்சிலாக இருந்ததால் மகள் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். நாத்தனாரின் குரல் அறை முழுக்க அதிர்ந்தது.

"தம்பி, நாளைக்கு ராத்திரி வண்டிதானே? அவகிட்ட சொல்லிட்டியா இல்லையா?"

புருஷன் எச்சில் கையை ஆட்டி ஆட்டி ஜாடை காட்டினான். மகளுக்கு அது புரியவில்லை.

"என்கிட்ட என்ன அண்ணி சொல்லணும்?" என்று இவள் கேட்டாள்.

"அட, நீயும் இருக்கியா? நல்லதாப் போச்சு! பெரிய விஷயமெல்லாம் இல்ல கண்ணு. எங்க மாமியார் படுத்த படுக்கையாக் கிடக்காங்கல்ல, அவங்களைப் பார்த்துக்க வந்த பொண்ணு பாதியில ஓடிட்டா. நாத்தம் தாங்கலையாம். மகாராணி! நீங்க வர்ற அந்த ரெண்டு நாள் நாங்கல்லாம் கடற்கரைப் பக்கம் போய்த் தங்கிட்டு வந்துடறோம். நீ வீட்ல இருந்து அவங்களைப் பார்த்துக்க. முதுகுல புண்ணு வேற ஒழுகுது. கிட்டப் போனாலே எனக்குக் குடலைப் புரட்டுது. உனக்குத்தான் அதெல்லாம் ஒண்ணும் கிடையாதே! கையுறைகூட வாங்கல, உனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"நாங்கல்லாம்னா யாரு?"

"நானு, உங்க அண்ணன், தம்பி, உன் பொண்ணு. வேற யாரு?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தான்.

"ஓட்டல் ரூம்?"

"அக்கா வீடு அங்க இருக்கும்போது ஓட்டல் எதுக்குன்னுதான்..."

"எப்ப பேசி முடிச்சீங்க?"

"நீ லீவு வாங்கின அன்னைக்கே" என்றான். சொல்லிவிட்டு இன்னொரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

"எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா" என்றாள் மகள். அதோடு நிறுத்தியிருந்தால் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். "ஆனா ரெண்டு நாள்தானேம்மா. உனக்குத்தான் பழக்கமாச்சே. நான் கடலை வீடியோ எடுத்து அனுப்புறேன்."

படுக்கையில் கிடக்கிற அந்தக் கிழவி மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாவம், அது என்ன செய்யும்? அவள் கண் புருஷனின் வாயை விட்டு நகரவில்லை. உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. தாடை மேலும் கீழும் ஏறி இறங்கியது. இந்த வாய்தான் 'நீ கவலைப்படாதே' என்று தினமும் சொன்னது. இத்தனை வருஷமாக அவள் பிரித்த மூட்டைகளில் ஒன்றுகூட இப்படி நாறியதில்லை.

"எனக்குக் குமட்டுது" என்றாள்.

"யாருக்கு? உனக்கா?" புருஷன் சிரித்தான். ஃபோனுக்குள் நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். "கேட்டியா தம்பி, இரும்புமூக்குக்குக் குமட்டுதாம்!"

வாயால் மூச்சு விட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. சாப்பிட்டது அத்தனையும் ஒரே பாய்ச்சலாக வந்து, மேசைக்கும் புருஷனுக்கும் நடுவில் தரையில் கொட்டியது.

மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். புருஷன் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான். "ஹலோ? என்ன சத்தம் அது? ஹலோ?" என்று நாத்தனார் கத்திக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், வாய் கொப்பளித்து, முகம் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். தரையில் கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. இரண்டு பேரும் இருந்த இடத்தை விட்டு அசையாமல் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் ஃபோனை அணைத்தாள். மகளின் ஃபோனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"அந்த ஓட்டலை எடு. ரூம் போடு. ஒரு ஆளுக்கு."

மகள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டினாள்.

"அப்ப இது?" என்று புருஷன் மோவாயால் தரையைக் காட்டினான். அவள் மகளின் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிஜமாகவே தெரியாமல் கேட்டான்: "தொடைக்கிற துணி எங்க இருக்கு?"

"தேடுங்க."

அவன் காலை எட்டி வைத்து, கொட்டியதைத் தாண்டிக் குதித்து, சமையலறைக்குள் போனான். முதலில் திறந்து பார்த்தது ஃபிரிட்ஜை.