பச்சை காட்டிய வெள்ளோட்டப் பதிப்பு: காரைக்கால்மேட்டில் ஒரு சனிக்கிழமை

கோயிலுக்கோ கடற்கரைக்கோ காரைக்கால் போகத் திட்டமிடுபவர்களுக்கு இந்தக் கட்டுரை பாதிதான் உதவும். பேருந்து, ஆட்டோ விவரமெல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் நான் ஊர் பார்க்கப் போகவில்லை, மன்னிப்புக் கேட்கப் போனேன். பொங்கல் முடிந்த மறுவாரம் நான் செய்த ஒரு தப்புக்காக, மாசி மாதத்தில்தான் கிளம்பினேன். ஒரு மாதம் ஏன் ஆனது என்று கேட்காதீர்கள். பயம்தான்.

திருச்சியில் காலை 5.20க்குப் பேருந்து. நாகப்பட்டினம் 140 கிலோமீட்டர், 115 ரூபாய். 9.30க்கு இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறினால், 20 கிலோமீட்டரில் காரைக்கால். வாஞ்சூர் எல்லை வந்ததும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஆண்கள் பலர் சொல்லிவைத்தாற்போல் விழித்துக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் மலிவாகக் கிடைக்கும் சாலையோர மதுக்கடைகளின் மகிமை. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். கடல் வானிலை முன்னறிவிப்புத் தரவைப் படித்து, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன மென்பொருள் தொகுப்பை ஏழு வருடமாகப் பராமரிக்கிறேன். திறந்த மூலம், இலவசம். மூன்று கணினி மொழிகளில் உண்டு: பைதானில் ஒன்று, ரஸ்டில் ஒன்று, ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று. பழைய பதிப்பு காற்றை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். வெளிநாட்டுப் பயனர்கள் நச்சரித்ததால், இரண்டாம் பதிப்பில் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றினேன். முழுதாக வெளியிடுமுன் நாலு பேர் சோதித்துப் பார்க்கட்டும் என்று, மூன்று மொழியிலும் வெள்ளோட்டப் பதிப்பாக ஏற்றினேன்.

பைதானிலும் ரஸ்டிலும் பதிப்பு எண்ணோடு பீட்டா என்று ஒட்டினால் போதும், கேட்காதவர்களுக்கு அது போகாது. அந்தப் பழக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்கும் அதையே செய்தேன். அங்கே அது போதாது. ஏற்றும்போது ‘இதைச் சோதனை வரிசையில் வை’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ‘இருப்பதிலேயே புதியது’ என்ற அடையாளம் வெள்ளோட்டத்துக்குப் போய்விடும். இப்போதைய கருவிகள் நம்மைத் தடுத்துவிடுகின்றன. என் மடிக்கணினியில் இருந்தது பழைய கருவி, புதுப்பிக்க எனக்குச் சோம்பல்.

காரைக்காலில் நஜ்மா என்றொரு பெண், தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. அவர்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் மல்லிகா, “டீச்சர், காத்து எப்படின்னு போன்ல பாத்துச் சொல்லுங்க” என்று தினமும் கேட்பாராம். மல்லிகாவின் கணவர் செல்வமணி கடலுக்குப் போகிறவர். அதற்காகவே நஜ்மா ஒரு செயலி செய்தாள். மணிக்கு இருபது கிலோமீட்டருக்குக் கீழே காற்று இருந்தால் பச்சை, மேலே போனால் சிவப்பு. அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவர்களுடைய மீனவக் குடியிருப்பான காரைக்கால்மேட்டில் நாற்பது வீடுகள் அதைப் பார்க்க ஆரம்பித்தன. அந்தச் செயலியின் அடியில் இருந்தது என் தொகுப்பு.

நான் ஏற்றிய மறுநாளுக்கு முன்னறிவிப்பு, மணிக்கு 43 கிலோமீட்டர் காற்று. என் வெள்ளோட்டம் அதை 12 என்று சொன்னது. செயலி பச்சை காட்டியது. அரசு எச்சரிக்கை விடும் அளவுக்கு அது புயலில்லை, ஆனால் சின்ன ஃபைபர் படகை ஆட்டிவைக்க அதுவே அதிகம். காலை ஏழு மணிக்கு நஜ்மா எனக்கு எழுதியிருந்தாள்: “பன்னிரண்டு என்று காட்டுகிறது. இங்கே ஜன்னல் அடித்துக்கொள்கிறது. சரிதானா?” பத்து மணிக்குப் பதில் போட்டேன்: “இது வெள்ளோட்டப் பதிப்பு. மாற்றங்கள் பட்டியலில் உள்ளன. படித்துவிட்டுக் கேட்கவும்.” தப்பைக்கூட ஒருவாறு ஆற்றிக்கொள்வேன். அந்த மூன்று வாக்கியங்களை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. மாலையில் அவள் மறுபடி எழுதினாள். ஒரு படகு அலையில் மாட்டியது, ஒருவருக்குக் கையில் அடி என்று.

பத்தரைக்கு நஜ்மா வீட்டில் இருந்தேன். அவளுடைய அம்மா தேநீரும் வட்டலப்பம் என்ற இனிப்பும் வைத்தார்.

“தப்பு என்மேலயும் இருக்குக்கா. எந்தப் பதிப்புன்னு குறிச்சு வைக்காம, புதுசு எதுவோ அதை எடுன்னு போட்டிருந்தேன்” என்றாள் நஜ்மா.

“மல்லிகா வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன். உன் பேர்ல பழி நிக்கக் கூடாது. நீயும் வர்றியா?”

“நான் வரல. மல்லிகாக்கா இந்தத் தெருவுக்கு வர்றதையே விட்டுட்டாங்க. நீங்க போய்ட்டு வாங்க.”

காரைக்கால்மேட்டுக்கு ஆட்டோ 120 ரூபாய். பத்து நிமிடம்கூட ஆகாது. “இப்பப் போறீங்களே, மீன் ஏலமெல்லாம் முடிஞ்சிருக்கும்” என்றார் ஓட்டுநர். செல்வமணி வீடு என்றதும் திரும்பி ஒருமுறை பார்த்தார். “தம்பிக்குக் கையில அடிபட்டுச்சே, அவுங்க வீடா?”

செல்வமணிக்கு நாற்பது வயதிருக்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவர் தம்பி இளங்கோ சுவரில் சாய்ந்து நின்றார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததையெல்லாம் ஒப்பித்தேன்: டீச்சர்மேல் தப்பில்லை, அடியில் இருந்த சாமான் என்னுடையது, அது வெள்ளோட்டம், அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன்.

“எங்க எழுதியிருந்தீங்க?”

“இணையத்துல. இங்கிலீஷ்ல.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “விடிகாலை மூணு மணிக்குக் கரையில காத்தே இல்லைங்க. போன்ல பச்சை. போயிட்டோம். அஞ்சரைக்கு மேலதான் காத்து புடிச்சுது. வலையை அறுத்து வுட்டுட்டு வந்தோம்.” பிறகு சொன்னார்: “நாங்களும் புதுப் போட்டு வாங்குனா வெள்ளோட்டம் வுடுவோம். எங்க வூட்டு ஆளுங்கதான் ஏறுவோம், வேலைக்கு வர்ற ஆளை ஏத்த மாட்டோம். ஏறுனவனுக்கு இது வெள்ளோட்டம்னு தெரியும். என் தம்பிக்குத் தெரியாதுல்ல?”

தெரியாது என்றேன்.

இளங்கோ அப்போதுதான் வாயைத் திறந்தார். “இப்பச் சரியாயிடுச்சாங்க?”

“அன்னிக்குச் சாயங்காலமே சரி பண்ணிட்டேன்.”

“ரொம்ப வேலையா?”

பொய் சொல்லியிருக்கலாம். “இல்லைங்க. ஒரே வரி. அரை நிமிஷம்.”

தலையை ஆட்டிக்கொண்டார். அன்று கயிறு சுற்றி இழுத்த வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. பேசும்போதெல்லாம் அவற்றை இடது கையால் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலை இழுக்க இனி அந்தக் கை உதவாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

கிளம்பும்போது, நஜ்மாமேல் தப்பில்லை என்று மறுபடி சொன்னேன். “எனக்கு உங்களைத் தெரியாதுங்க. நாங்க நம்புனது அந்தப் பொண்ணைத்தான்” என்றார் செல்வமணி. ஒரு மாதம் பயந்து, ஐந்து மணி நேரம் பயணம் செய்து, நான் துடைக்க வந்த பழி வந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே மல்லிகா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசிவரை அவர் வெளியே வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஏலம் பார்க்க வேண்டுமென்றால் முதல்நாளே காரைக்கால் வந்து தங்கி, காலை ஆறு மணிக்குள் அங்கே இருங்கள். மதியத்தில் வெயில் கொளுத்தும், ஒதுங்க நிழல் குறைவு. திரும்பும் ஆட்டோவை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள், நான் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

தொகுப்பு வெளியிடுகிறவர்களுக்கும் ஒன்று உண்டு. ஒரு மொழியின் பழக்கத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெள்ளோட்டப் பதிப்பை ஏற்றிய கையோடு, ஒன்றுமில்லாத வேறொரு கணினியில், ஒன்றும் தெரியாத ஆளைப்போல உங்கள் தொகுப்பை நிறுவிப் பாருங்கள். என்ன வந்து இறங்குகிறதோ அதைத்தான் ஊரே ஓட்டப்போகிறது. யாராவது “சரிதானா?” என்று கேட்டால், பட்டியலைக் காட்டாதீர்கள். அவர்கள் ஜன்னல் பக்கத்தில் இருக்கிறார்கள், நீங்கள் இல்லை.

பேருந்து நிலையத்துக்கு நஜ்மா வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நிறுத்திவைத்த செயலியை மறுபடி ஆரம்பி, இந்தமுறை நானும் கூட உட்கார்ந்து செய்கிறேன், ஒவ்வொரு எண்ணையும் நானே சரிபார்க்கிறேன் என்றேன். அவள் கைப்பையின் வாரைத் திருகினாள்.

“செய்யலாம்க்கா. ஆனா இனிமே நான் பச்சைன்னு சொன்னா யாரும் நம்பிப் போகமாட்டாங்க, அது பரவாயில்ல. சிவப்புன்னு சொன்னா நிக்கணுமே. அதுக்கும் நிக்கமாட்டாங்க.”

3.40 நாகப்பட்டினம் பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.